ஐந்துக்குப் பிறகு

வாசல் கதவைப் பூட்டிவிட்டு ஐந்து வரை எண்ணுவது கமலநாதனின் வழக்கம். குமுதாவுக்கு அது பழகிப்போயிருந்தது. அன்று சாயங்காலம், ஐந்தைச் சொல்லி முடித்த பிறகும் அவன் கதவைவிட்டு நகரவில்லை. யாரோ பதில் சொல்லக் காத்திருப்பவனைப் போலத் தலையைச் சற்றுச் சாய்த்தபடி நின்றான்.

அடுப்பில் நெத்திலி பொரிந்துகொண்டிருந்தது. துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் மேடு ஏறும்போது எழுப்பும் அடித்தொண்டை முனகலும், நாலாம் மாடி நடைபாதையில் எந்த வீட்டிலிருந்தோ கசிந்த சீரியல் அழுகையும், கிள்ளானில் மழைக்கு முன் ஆற்றுப் பக்கமிருந்து கிளம்பும் சேற்று வாசனையும் சன்னல் வழியே ஒன்றாகக் கலந்து வந்தன. அத்தனைக்கும் நடுவில் அவன் குரல் மட்டும் தனியாகக் கேட்டிருந்தது. சத்து, டுவா, தீகா, அம்பாட், லீமா. பதினாறு வருடம் ராணுவத்தில் இருந்தவன். எண்ணுவதென்றால் மலாய்தான்.

"என்னங்க, வெளிய யாராச்சும் இருக்காங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் நிக்கிறீங்க?"

அவன் உள்ளங்கையைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டான். "அடுத்தது ஹென்றி சொல்லணும்" என்றான். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவன்போல உடனே குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை செந்தூலிலிருந்து ஹென்றியின் மனைவி சாந்தமேரி போன் செய்தாள். ஹென்றி முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணி வாக்கில் தற்கொலை செய்துகொண்டான்.

கமலநாதனும் ஹென்றியும் ஒரே பிரிவில் இருந்தவர்கள். எட்டுப் பேர் கொண்ட பிரிவு. அமைதிப்படை என்று தொப்பி கொடுத்து, கடல் தாண்டி ஓர் எல்லைக்கு அனுப்பினார்கள். காவல் மட்டும்தான் வேலை என்றார்கள். போன ஏழாம் மாதம் இரண்டு பக்கமும் போர் மூண்டது. இவர்கள் முகாம் நடுவில் இருந்தது. நாற்பத்தொரு நாள் நிலத்துக்கு அடியில், கான்கிரீட் பதுங்குகுழியில் கிடந்தார்கள். எட்டுப் பேரும் உயிரோடு திரும்பினார்கள். விமான நிலையத்தில் மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். அடுத்த ஐந்து மாதத்தில் பிலிப் போனான், ஹபீஸ் போனான், இப்போது ஹென்றி. வேறு பிரிவுகளிலும் இப்படி நடக்கிறது என்று பேச்சு இருந்தது. எத்தனை பேர் என்று யாரும் சொல்லவில்லை. அங்கே போர் இன்னும் முடியவில்லை. இவர்களுக்குப் பதிலாகப் போனவர்கள் அதே பதுங்குகுழியில் இருந்தார்கள்.

செந்தூல் அடுக்குமாடியில் மெழுகு வாசனையும் சம்பங்கி வாசனையும் தொண்டையை அடைத்தன. கமலநாதன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வரவில்லை, லிப்ட் வாசலிலேயே நின்றுவிட்டான். சாந்தமேரி அடுக்களையில் ஒரே கண்ணாடி கிளாஸைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். குமுதா அவள் கையிலிருந்து அதை வாங்கி வைத்தாள்.

"ஆர்மிக்காரங்க வந்து, ஆக்சிடன்ட்னு எழுதிட்டா கோயில்லயும் சங்கடம் இல்ல, எல்லாருக்கும் நல்லதுன்னு சொன்னாங்க குமுதா."

"நீங்க என்ன சொன்னீங்க, அக்கா?"

"எம்புருஷன் ஆக்சிடன்ட்ல சாகல, இப்படித்தான் போனாருன்னு சொன்னேன். எதால போனாருன்னு நீங்க எழுதுங்கன்னு சொன்னேன். ஃபாதர் ஒண்ணும் கேக்கல, பூசை வைக்கிறேன்னுட்டாரு." அவள் கண்ணில் நீர் இல்லை. குரலைத் தாழ்த்தினாள். "உங்க வீட்டுக்காரரு எண்ணுறாரா?"

குமுதா குழாயை மூடினாள். "ஆமா."

"இவருக்கு நம்பர் ஆறு. ஹபீஸ் போன அன்னியிலேர்ந்து, இவரு ஆறுன்னு சொன்னதும் பக்கத்துல யாரோ ஏழுன்னு சொல்றாங்கன்னு சொல்வாரு. நான் சிரிச்சேன் குமுதா. மருந்து மாத்தணும் போலன்னு சொன்னேன்." கையைப் பாவாடையில் துடைத்தாள். "போன வாரம் நானும் கேட்டேன்."

திரும்பும் கொமுட்டர் ரயிலில் கூட்டம் இல்லை. குளிர்சாதனக் காற்று கால்முட்டியைக் கடித்தது. கமலநாதன் சன்னலைப் பார்த்தபடி, அவள் கேட்காமலே பேசினான்.

"உள்ள வெளக்கு போயிடும். குண்டு விழுந்தா தூசி. பக்கத்துல இருக்கிறவன் முகமே தெரியாது. ரோஸ்லி சார்ஜன் 'பீலாங்'னு கத்துவாரு, எண்ணுங்கன்னு. அவரு சத்து, நான் லீமா, ஹென்றி அனாம், ஹபீஸ் தூஜோ, பிலிப் லாப்பான். எட்டு வந்துட்டா எல்லாரும் உசுரோட இருக்கோம்னு அர்த்தம்."

"ம்."

"இருபதாவது நாளோ என்னமோ. எட்டுக்கு அப்புறம் ஒம்பதுன்னு கேட்டுச்சு. செம்பிலான். பிலிப்தான் வெளையாடுறான்னு எல்லாரும் சிரிச்சோம்." ரயில் ஒரு பாலத்தின் அடியில் நுழைந்தது. கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. "பிலிப் சிரிக்கல. அவனுக்கு அந்தப் பக்கம் செவுருதான் இருந்துச்சு."

ஒன்பதாவதாக நின்றது முதலில் பிலிப்பின் பக்கத்தில் இருந்தது. பிலிப் போனதும் ஹபீஸின் பக்கம் வந்தது. அப்புறம் ஹென்றி. குமுதா மனத்துக்குள் எண்ணிப் பார்த்தாள். விரல்கள் தாமாக அவன் கையைப் பற்றின. குளிர்ந்திருந்தது.

"அது என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யாது. கூப்பிடாது, மிரட்டாது. எடம் கேக்குது. அவ்வளவுதான். நாம நகர்ந்து குடுக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிக்கும்."

"நகராதீங்க" என்றாள் குமுதா. சத்தமாகத்தான் சொன்னாள். எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

அவள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மனநல மருத்துவர் பொறுமையாகக் கேட்டார், மாத்திரை மாற்றினார். தூக்கம் வந்தது. அது பெரிய உதவி. எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. குமுதா, ரோஸ்லி சார்ஜனையும் மற்ற மூன்று பேரையும், இறந்தவர்களின் மனைவிகளையும் ஒவ்வொருவராகப் போனில் பிடித்தாள். கூச்சிங்கில் பிலிப்பின் மனைவி முதலில் பேச மறுத்தாள். மூன்றாம் முறை ஒரு மணிநேரம் பேசினாள்.

அந்த வாரக் கடைசியில் ராணுவ முகாமிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். மலாய்க்காரர், ஐம்பது வயது இருக்கும், சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். குமுதா வைத்த தேநீரைத் தொடவில்லை. ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்து, மற்றக் குடும்பங்களைத் தொந்தரவு செய்யவேண்டாம், அவர்கள் துக்கத்தில் இருக்கிறார்கள், இதில் ஒரு கையெழுத்து போதும் என்று மலாயில் மெதுவாகச் சொன்னார்.

குமுதா படித்தாள். "இவரு வியாதிக்குக் காரணம் குடும்பப் பிரச்சினைன்னு போட்டிருக்கு. எந்தக் குடும்பத்துல பிரச்சினை?" அவளும் மலாயில்தான் கேட்டாள்.

"புவான், அது பொதுவாக எழுதுவது."

"எங்க வீட்டுல ரெண்டே பேரு. எங்களுக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்ல. எத்தனை பேர் செத்திருக்காங்க, சொல்லுங்க. கையெழுத்து போடுறேன்."

அவர் தன் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார். "நான் எண்ணுவதில்லை, புவான்" என்றார். கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் காலணி போடும்போது கமலநாதன் நின்றிருந்த மூலையைப் பார்த்தார், பிறகு கமலநாதனுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தார். சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, படியில் ஏறக்குறைய ஓடினார்.

அதன் பிறகு குமுதா அவனைத் தனியாக விடவில்லை. பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்பு பிடித்துவிடும் நிலையம் ஒன்றில் அவள் முகப்பு வேலை பார்த்தாள். வேலைக்குப் போகும்போது அவனையும் கூட்டிப்போனாள். அவன் பின்னறையில் துண்டு மடிப்பான். திரைச்சீலைகளுக்குப் பின்னால் தைலம் மணக்கும். மதியத்தில் தெருவிலிருந்து பூமாலைக் கடைகளின் ஈர வாசனையும் மோனோரயிலின் இரைச்சலும் வரும். வெளிச்சம் நிறைந்த இடம். அங்கே பயம் இல்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

லியனார்ட் அங்கே மூத்தவர், அறுபதைத் தாண்டியவர். ஒருநாள் மத்தியானம் கமலநாதனின் தோளைப் பிடித்துவிட்டுக் கை கழுவி வந்தவர், முகப்பு மேசையைத் தடவி நின்றார்.

"குமுதா, இன்னொரு நாற்காலி போடும்மா."

"யாருக்கு, அங்கிள்?"

"உங்ககூட வர்றவருக்கு. மூணு நாளா வந்து நின்னுக்கிட்டே இருக்காரு. பாவம், கனமான பூட்ஸ்."

வெயில் தரையில் அப்படியே கிடந்தது. குமுதாவின் கை ரசீதுப் புத்தகத்தின்மேல் நின்றுவிட்டது.

"நாங்க ரெண்டு பேருதான் வர்றோம், அங்கிள்."

லியனார்ட் முகத்தைப் பின்னறைப் பக்கம் திருப்பி, காதைச் சாய்த்துக் கேட்டார். "நான் காதுல கேட்டதைத்தான் சொன்னேன்" என்றார். பிறகு, அவசரமில்லாமல், "நாற்காலி வேணாம். போடாத" என்றார்.

அன்று மாலையே அவள் ரோஸ்லி சார்ஜனுடன் பேசி முடிவு செய்தாள். அவர் அலோர் ஸ்டாரில், மற்ற மூவரும் மூன்று ஊர்களில். தினமும் ஏழு மணிக்குப் போனில் ஐந்து பேரும் ஒன்றாகச் சேர்வது, எண்ணிக்கை சொல்வது, எப்படி இருக்கிறோம் என்று உண்மையைச் சொல்வது. தனியாக இருட்டில் எண்ணுவதைவிட இது மேல் என்று அவளுக்குத் தோன்றியது. இப்படிக் கூடுவதை மேலே விரும்பமாட்டார்கள் என்று ரோஸ்லி சொன்னார். சொல்லிவிட்டு, ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே அவர்தான் முதலில் கூப்பிட்டார்.

முதல் மூன்று நாள் நன்றாகப் போயிற்று. லீமா என்று கமலநாதன் முடித்ததும் மற்ற நான்கு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விடுவது ஸ்பீக்கரில் கேட்டது. ஒருவர் அழுதார். ஒருவர், இரண்டு மாதமாகச் சாப்பாட்டில் ருசியே தெரியவில்லை என்றார். திரும்பி வந்த பிறகு கமலநாதன் முதல்தடவையாகச் சிரித்தான்.

நாலாம் நாள், லீமாவுக்குப் பிறகு, ஆறாவது குரல் வந்தது.

"அனாம்."

ஹென்றியின் குரல் இல்லை. வாய் நிறையத் தூசி வைத்துக்கொண்டு பேசுகிற குரல். போனிலிருந்து வரவில்லை. அறைக்குள்ளிருந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையிலிருந்து வந்தது. குமுதா கேட்டாள். அலோர் ஸ்டாரில் ரோஸ்லி கேட்டார். ஒருவர் போனைத் துண்டித்துவிட்டார். ஈரச் சிமெண்ட் வாசனை. கருகிய ரப்பர் வாசனை. விளக்கைப் போட்டு, கட்டிலை இழுத்துப் பார்த்தாள். சுவர். வெறும் சுவர். தரையில் மாவு மாதிரி மெல்லிய சாம்பல் தூசி.

அதைத் துடைப்பத்தால் கூட்டி, கழிப்பறையில் கொட்டி, தண்ணீர் ஊற்றினாள். பிறகு துடைப்பத்தையும் கழுவினாள்.

மறுநாள் காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது, கமலநாதன் சாப்பாட்டு மேசையில் தன் பொருள்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். கடிகாரம். அடையாள அட்டை. கல்யாண மோதிரம். மடித்த சீருடை. ஒவ்வொன்றும் ஒரே இடைவெளியில், கோடு போட்டதுபோல. அவன் முகம் அமைதியாக இருந்தது. பல மாதமாக அவள் பார்க்காத அமைதி. அந்த அமைதிதான் அவளைப் பயமுறுத்தியது.

"என்ன பண்றீங்க?"

"களைப்பா இருக்கு குமுதா. நான் நகர்ந்துட்டா இது முடிஞ்சிடும்."

"முடியாது. ஹென்றி நகர்ந்தாரு, முடிஞ்சிச்சா? உங்ககிட்ட வந்துச்சு. நீங்க நகர்ந்தா அடுத்தது நாலாம் நம்பருகிட்ட போகும். அவருக்கு மூணு பிள்ளைங்க." மோதிரத்தை எடுத்து அவன் விரலில் மாட்டினாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே. கடிகாரத்தைக் கட்டினாள். சீருடையை அலமாரியில் திணித்தாள். "சாகணும்னு தோணுதா? நேராவே சொல்லுங்க."

அவன் கண்ணில் நீர் தளும்பியது. "தோணுது."

"சரி. சொல்லிட்டீங்கல்ல. நான் இங்கதான் இருக்கேன்."

அவனுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். உடனே அழைத்து வாருங்கள் என்றார்கள். போனார்கள். மருத்துவர் வெகுநேரம் பேசினார். வார்டில் சேர்ந்துகொள்ளலாம் என்றார். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கட்டில் தயாராகும், அதுவரை ஒரு நிமிடமும் தனியாக விடாதீர்கள், எதுவானாலும் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் மாத்திரைகளையும் கூர்மையானவற்றையும் ஒரு பையில் போட்டுப் பக்கத்து வீட்டு இராஜம்மாவிடம் கொடுத்தாள். இராஜம்மா ஏன் என்று கேட்கவில்லை. பையை வாங்கி வைத்துக்கொண்டு, "கதவைத் தட்டும்மா, எப்ப வேணும்னாலும்" என்றாள்.

ஒரு ராத்திரிதான் கடக்கவேண்டும். அதற்கு முன்னால் ஏழு மணி இருந்தது.

மழை ஆறரைக்கே பிடித்துக்கொண்டது. துறைமுகத்துப் பக்கமிருந்து கறுத்து வந்து, எதிர்க் கட்டிடத்தை மறைத்து, நடைபாதையின் தகரக் கூரையில் சரளைக்கல் கொட்டுவதுபோல விழுந்தது. ஏழு அடிக்கச் சற்று முன்னால் மின்சாரம் போனது. மின்விசிறி சுழன்று சுழன்று மெதுவாகி நின்றது. பக்கத்து வீடுகளின் சத்தமெல்லாம் ஒரே சமயத்தில் அடங்க, மழை மட்டும் மிஞ்சியது.

கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருந்தாள். கமலநாதனைக் கட்டிலின் வெளிப்பக்கம் உட்காரவைத்து, அவனுக்கும் சுவருக்கும் நடுவில் தான் உட்கார்ந்தாள். தோளுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. ஆள் உட்கார முடியாத இடம். அவன் கை அவள் கைக்குள். போன் மடியில்.

"குமுதா, வேணாம். இன்னிக்கு எண்ண வேணாம்."

"எண்ணலைன்னா அது போயிடுமா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"அப்போ எண்ணுவோம்."

போன் ஒலித்தது. நான்கு பேரும் இருந்தார்கள். நேற்றுத் துண்டித்தவரும் இருந்தார். அவள் எல்லாரையும் கேட்டுக்கொண்டாள், என்ன சத்தம் வந்தாலும் இன்று யாரும் வைத்துவிடக்கூடாது என்று. சரி என்றார்கள். ஒவ்வொரு சரியும் வறண்டிருந்தது.

ஈரச் சிமெண்ட் வாசனை வந்தது.

மழை பெய்தது. ஆனால் அறை வறண்டது. நாக்கில் தூசி.

"பீலாங்" என்றார் ரோஸ்லி. அவரே தொடங்கினார். "சத்து."

"டுவா."

"தீகா."

"அம்பாட்."

கமலநாதன் வாய் திறந்தான். சத்தம் வரவில்லை. அவன் உடம்பு மெல்ல வெளிப்பக்கம் சாய்ந்தது, பேருந்தில் யாருக்கோ இடம் விடுவதுபோல. அவள் அவனை இழுத்துப் பிடித்தாள்.

"நகராதீங்க. சொல்லுங்க."

"லீமா."

அமைதி.

ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது. அவனுடையது இல்லை. அவளுடையது இல்லை. பேசுவதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு.

அது சொல்வதற்குள் அவள் சொன்னாள்.

"அனாம்."

தன் குரல்தானா என்று இருந்தது. போனில் ரோஸ்லி ஏதோ முணுமுணுத்தார், பிரார்த்தனை. கமலநாதன் அவள் பக்கம் திரும்பினான். இருட்டில் அவன் கண்கள் மட்டும்.

"ஆறாவது நான்" என்றாள், இருட்டைப் பார்த்து, தமிழில். "ஹென்றி எடத்துல நான் உக்காந்திருக்கேன். உனக்கு இங்க எடம் இல்ல."

ஒன்றுமில்லை.

மழை.

பிறகு, அவளுக்கும் சுவருக்கும் நடுவில், அந்த ஒரு சாண் இடைவெளியில், மெத்தை அமுங்கியது. மெதுவாக. கனமானவர் உட்காருவதுபோல. அவள் தோளில் எதுவோ உரசியது. கான்வாஸ் துணி. நனைந்த கான்வாஸ். காது மடலில் மணல்துகள்.

"தூஜோ" என்றது அது. ஏழு, அவளுக்கு அடுத்த எண்.

போனில் ஒருவர் அலறினார். யாரும் வைக்கவில்லை. நான்கு மூச்சுகளும் அவளுக்குக் கேட்டன. கமலநாதனின் கை அவள் கையை இறுக்கியது. எலும்பு வலித்தது. அவன் நகரவில்லை.

குமுதா திரும்பிப் பார்க்கவில்லை. உடம்பு முழுவதும் எழுந்து ஓடு என்றது. கால் தரையில் பட்டது. காலைத் தூக்கிக் கட்டிலின்மேல் வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். காலை எட்டு மணிக்குப் பதின்மூன்று மணிநேரம் இருந்தது.

"செக்காலி லாகி, சார்ஜன்" என்றாள். "மறுபடியும் முதல்லேர்ந்து."

"சத்து" என்றார் ரோஸ்லி. அவர் குரல் உடைந்திருந்தது.

"டுவா."

"தீகா."

"அம்பாட்."

"லீமா" என்றான் கமலநாதன், முன்பைவிடச் சத்தமாக.

"அனாம்."

மெத்தை இன்னும் ஒரு விரல் கீழே இறங்கியது. அவள் காதோரம், அது தன் முறைக்கு மூச்சை உள்ளே இழுத்தது.